முழங்கால் பிரேஸுக்குக் காப்புரிமை: எழுதிய விளக்கம் போதுமா என்று சோதிப்பது எப்படி

ஏற்காட்டுக் காபித் தோட்டச் சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர்களின் முழங்காலுக்காக சேலத்துப் பட்டறையில் ஒரு பிரேஸ் (மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் கருவி) செய்துவிட்டீர்கள், நன்றாகவும் வேலை செய்கிறது, சரி. ஆனால் காப்புரிமை கிடைப்பது விண்ணப்பத்தில் எழுதியதை வைத்துத்தான். கண்டுபிடிப்பையும் அது இயங்கும் விதத்தையும் செய்யும் முறையையும் முழுமையாக விவரிக்க வேண்டும், உங்களுக்குத் தெரிந்த சிறந்த முறையையும் சொல்ல வேண்டும் என்கிறது 1970 காப்புரிமைச் சட்டத்தின் 10(4) பிரிவு.

முதலில் கீலைப் பற்றி எழுதியதைப் பாருங்கள், பெரும்பாலும் ஓட்டை அங்கேதான் இருக்கும். "மூட்டு இயல்பாக மடங்க உதவும் கீல்" என்பது பலனைச் சொல்கிறது, வழியைச் சொல்லவில்லை. முழங்கால் கதவு மாதிரி ஒரே அச்சில் திரும்புவதில்லை. மடங்கும்போது தொடை எலும்பு உருண்டுகொண்டே சறுக்கவும் செய்வதால் அச்சு இடம் மாறுகிறது, ஒற்றை ஆணிக் கீல் போட்ட பிரேஸ் காலில் இருந்து நழுவ அதுவும் ஒரு காரணம். உங்கள் கீல் இதைத் தீர்க்கிறது என்றால் எப்படி? இரண்டு பல்சக்கரமா, வளைந்த காடியா, எந்தத் தகடு தொடைப் பக்கம், முட்டிச் சில்லுக்கு எந்த உயரத்தில் ஆணி வருகிறது, கால் பின்பக்கமாக வளையாமல் எது தடுக்கிறது? "தகுந்த ஸ்பிரிங்" என்று விட்டிருந்தால் அதன் விறைப்பு எந்த அளவுக்குள் இருக்கலாம் என்று எழுதுங்கள். படத்தில் 12 என்று எண் போட்ட பாகம் எழுத்திலும் 12 ஆகவே இருக்கட்டும். வெல்க்ரோ பட்டை தைப்பது போல எல்லாருக்கும் தெரிந்ததை விளக்க வேண்டாம்.

அப்புறம் கிளெய்ம், அதாவது எது உங்களுக்கே உரியது என்று உரிமை கேட்கும் பகுதி. "எந்தப் பூட்டு அமைப்பும்" என்று அகலமாகக் கேட்டுவிட்டு உள்ளே ஒரே ஒரு ராட்செட்டை (ஒரு பக்கமாக மட்டும் நகரவிடும் பல்சக்கரப் பூட்டு) மட்டும் விவரித்தால், கிளெய்ம் விளக்கத்தின் மேல் நிற்கவில்லை என்று ஆட்சேபம் வரும். வேறு பூட்டு வகை ஒன்றிரண்டையாவது படத்தோடு சேருங்கள், இல்லாவிட்டால் கிளெய்மைச் சுருக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும், பிரேஸைப் பார்த்தே இராத, கைத்திறன் உள்ள ஒரு லேத்காரரிடம் ரகசியம் காக்க எழுதி வாங்கிக்கொண்டு தாள்களை மட்டும் கொடுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் தாக்கல் செய்வதற்கு முன்பே செய்துவிடுங்கள். முழு விவரக்குறிப்பை, அதாவது விளக்கமும் கிளெய்மும் சேர்ந்த ஆவணத்தை, கொடுத்த பிறகு திருத்தலாம், ஆனால் அதில் இல்லாத புது விஷயத்தைச் சேர்க்க 59ஆவது பிரிவு விடாது. வேலை இன்னும் முடியவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்பை முதலில் போடலாம், அங்கிருந்து 12 மாதத்துக்குள் முழுமையானதைக் கொடுத்தாக வேண்டும்.