உட்கரு வாசலில் வைரஸ்: திட்ட அறிக்கைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைரஸ் புரதம் செல்லின் உட்கருவுக்குள் எப்படி நுழைகிறது, எப்படி வெளியேறுகிறது என்பது காரைக்குடிப் பக்கத்து முதுகலை மாணவர்களுக்கு இப்போது பிடித்தமான தலைப்பு. மார்ச் பிறந்தால் வரைவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். செல் வளர்ப்பில் பூஞ்சை வராமல் காப்பதைப் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தானாகவே படியும். மாணவப் பருவத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள் புது மென்பொருளோடு திரும்பி வருவதுதான் எரிச்சலூட்டுகிறது.

மென்பொருள் காட்டிய நுழைவுக் குறியீட்டை நம்புவது

இதுதான் பணத்தைத் தின்னும் தவறு. லைசின், அர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் நெருக்கமாக வந்தால் மென்பொருள் அந்த இடத்தை உட்கரு நுழைவுக் குறியீடு என்று காட்டும். தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு மாணவி அதை நம்பி, 12 கிலோடால்ட்டன் எடையுள்ள வைரஸ் புரதத்துடன் பச்சை ஒளிர்வுப் புரதத்தை இணைத்தாள். குறியீட்டை வெட்டிய வடிவத்தையும் வெளியில் செய்து தருவித்தாள்.

"சார், வெட்டிய பிறகும் உள்ளே பச்சை தெரிகிறது."

"வெளியே?"

"வெளியேயும்தான்."

ஒளிர்வுப் புரதத்தின் எடை 27 கிலோடால்ட்டன். இரண்டும் சேர்ந்தால் 39. ஏறத்தாழ 40 வரை உள்ளவை சரக்கை உட்கருவுக்குள் அழைத்துப்போகும் இம்போர்ட்டின் புரதத்தின் துணை இல்லாமலே உட்கரு உறையின் துளைவழி பரவிவிடும். செட்டிநாட்டு வீட்டில் சிறு பிள்ளைகள் யாரையும் கேட்காமல் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை ஓடுவார்கள். வந்த விருந்தாளியை வீட்டார்தான் அழைத்துப் போகவேண்டும். அவள் சோதித்தது ஓடுகிற பிள்ளையை. வழிகாட்டியின் மானியத்தில் ஒரு பங்கு அதோடு போயிற்று.

பெரிய சுமையைக் கட்டிச் சோதியுங்கள்: ஒளிர்வுப் புரதத்தை மூன்று முறை தொடராக இணைக்கலாம், பீட்டா கேலக்டோசிடேஸ் என்ற பெரிய புரதத்தைச் சேர்க்கலாம். செல்லை 4 டிகிரிக்குக் குளிர்வித்துப் பாருங்கள்; ஆற்றல் கேட்கும் நுழைவு நின்றுவிடும், வெறும் பரவல் நிற்காது. ஒப்பீட்டுக்கு எஸ்வி40 வைரஸின் டி ஆன்டிஜென் என்ற புரதம் இருக்கிறது. அதன் குறியீடு ஏழே அமினோ அமிலங்கள். அதில் ஒரு லைசினை மாற்றினாலே புரதம் உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் தங்கிவிடும் என்று 1984இல் காட்டிவிட்டார்கள். ஆகவே துண்டோடு வெட்டாமல் ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றுங்கள்.

வெட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எச்ஐவியின் ரெவ் புரதத்தில் அர்ஜினின் நிறைந்த அதே பகுதிதான் இம்போர்ட்டின் பீட்டாவையும் பிடிக்கிறது, வைரஸின் ஆர்என்ஏவையும் பிடிக்கிறது. அதை நீக்கினால் எந்த வேலை கெட்டது என்று சொல்ல முடியாது. எபோலாவின் விபி24 புரதத்தின் பக்கம் போனால் மென்பொருள் கையை விரித்துவிடும். வைரஸ் வந்ததை அறிவிக்கும் இன்டர்ஃபெரானின் செய்தியை உட்கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்1 என்ற புரதம் இம்போர்ட்டின் ஆல்ஃபாவில் உட்காரும் இடத்தை அது தன் மடிந்த உருவத்தின் பரப்பால் அடைத்துக்கொள்கிறது. வழக்கமான சரக்குகளின் இடம் காலியாகவே இருக்கும். இன்டர்ஃபெரான் செய்தி மட்டும் உட்கருவுக்குப் போய்ச் சேராது. எத்தனை நேர்த்தியான திருட்டு!

ஒரே படத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

சைட்டோபிளாசத்தில் தெரிகிற புரதம் உட்கருவுக்குப் போய்த் திரும்பியதாகவும் இருக்கலாம். சரக்கை வெளியே கொண்டுபோகும் எக்ஸ்போர்ட்டின் சிஆர்எம்1ஐத் தடுக்கும் லெப்டோமைசின் பி கொடுத்துப் பாருங்கள். அந்த வழியாக வெளியேறுகிற புரதம் உள்ளே தேங்கும். இன்ஃப்ளூயன்சாவில் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் மரபணுத் தொகுதி தொற்றின் தொடக்கத்தில் உள்ளே போகிறது, பிற்பாடு வெளியே வருகிறது.

சைட்டோபிளாசத்தில் பெருகும் வைரஸுக்கு உட்கருவில் என்ன வேலை என்பது

போலியோ வைரஸ் சைட்டோபிளாசத்தில்தான் பெருகுகிறது. ஆனாலும் புரதத்தை வெட்டும் அதன் 2ஏ புரோட்டியேஸ், உட்கருத் துளையில் உள்ள நப்98 புரதத்தை வெட்டுகிறது. வாசலிலேயே அதற்கு வேலை இருக்கிறது.

வீரோ செல்லில் இன்டர்ஃபெரான் உற்பத்தியை அளப்பது

ஆய்வகங்களில் வைரஸ் வளர்க்கப் பயன்படும் குரங்குச் சிறுநீரகச் செல்லான வீரோவால் முதல் வகை இன்டர்ஃபெரானைச் செய்ய முடியாது. வேறு செல்லை எடுங்கள்.

ஆய்வகத் தட்டில் வென்றதை மருந்து என்று எழுதுவது

ஒட்டுண்ணிகளுக்குத் தரும் மருந்தான ஐவர்மெக்டின் இம்போர்ட்டினைத் தடுக்கும் என்பது கொரோனாவுக்கு முன்பே தெரிந்ததுதான். 2020இல் 5 மைக்ரோமோலார் அளவில் வீரோ செல்களில் கொரோனா வைரஸைக் குறைத்தது. வழக்கமான மாத்திரை அளவில் இரத்தத்தில் கிடைப்பது அதற்குப் பல மடங்கு கீழே. பின்னர் நடந்த பெரிய மருத்துவச் சோதனைகளில் பயன் தெரியவில்லை. முடிவுரையில் "எதிர்கால மருந்து" என்று எழுதுமுன், அந்த அளவு இரத்தத்தில் எட்டுமா என்ற கணக்கை அதே பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். இல்லையென்றால் அந்தப் பத்தியை நான் சிவப்பு மையால் அடிப்பேன்.