புது ஃபிளாட்டா, பழைய ஃபிளாட்டா? முதல்முறை வாங்குபவர்களுக்கு ஒரு வழிமுறை

அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்கும்போது நான்கு சுவர்களை மட்டும் வாங்குவதில்லை. மொட்டை மாடி, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, தூண்கள் எல்லாவற்றிலும் ஒரு பங்கு உங்களுக்கு வருகிறது. அவற்றில் எது பழுதானாலும் செலவிலும் பங்கு உண்டு. அதனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன் கட்டடத்தைப் பாருங்கள்.

படி 1: கணக்கை ஒரே தாளில் போடுங்கள்

புது வீட்டுக்கு விலையோடு கார் நிறுத்துமிடம், அலமாரி வேலை எல்லாம் சேரும். கட்டி முடியாத வீடு என்றால், கையில் கிடைக்கும் வரை வாடகையும் வட்டியும் சேர்ந்தே ஓடும். பழைய வீட்டுக்கு விலையோடு உள்ளே செய்யவேண்டிய பழுது வேலைகளையும், அடுத்த 10 ஆண்டுகளில் கட்டடத்துக்கு வரக்கூடிய பெரிய செலவில் உங்கள் பங்கையும் எழுதுங்கள். லிஃப்ட்டின் ஆயுள் பொதுவாக 20 முதல் 25 ஆண்டுகள். 22 வயதான லிஃப்ட் உள்ள கட்டடத்தில் குடியேறினால் அந்தச் செலவு உங்கள் காலத்தில்தான் வரும்.

பரப்பளவை ஒப்பிடும்போது சுவருக்குச் சுவர் உள்ளளவை மட்டும் எடுங்கள். விற்பவர் சொல்லும் அளவில் படிக்கட்டும் நடைபாதையும்கூடச் சேர்ந்திருக்கலாம். டேப் எடுத்துப் போங்கள்.

படி 2: பழைய கட்டடத்தில் தண்ணீரைத் தேடுங்கள்

கான்கிரீட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்து உதிரும். வெளியே பழுப்புக் கறையும் கம்பியின் போக்கிலேயே ஓடும் விரிசலும் தெரியும்.

முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள். தண்ணீர் தேங்கிய தடம் இருக்கிறதா? அப்புறம் கீழே கார் நிறுத்துமிடத்தில் நின்று கூரையையும் தூண்களையும் பாருங்கள். அங்கே பெயின்ட் அடித்து மறைக்க யாரும் பெரிதாக மெனக்கெடுவதில்லை, அதனால் உண்மை அங்கேதான் தெரியும். வீட்டுக்குள்ளோ ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால், அதன் மறுபக்கம் குளியலறையா என்று பாருங்கள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், சர்ஃப்சைட் என்ற ஊரில் 1981-இல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு ஒன்று 2021 ஜூன் 24 அன்று பாதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளத்தில் நீர்த்தடுப்பு சரியில்லை என்று 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். பெரிய பழுது வேலை தொடங்குவதற்குள் கட்டடம் விழுந்துவிட்டது. பழைய கட்டடம் என்றாலே ஆபத்து என்று சொல்லவில்லை. எச்சரிக்கை வந்தபோது அந்தக் கட்டடத்துக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

படி 3: சங்கத்தின் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்

குடியிருப்போர் சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டுக் கணக்கும் கூட்டக் குறிப்புகளும் வேண்டும் என்று கூசாமல் கேளுங்கள். சேமநிதியில், அதாவது பெரிய பழுதுகளுக்காகச் சங்கம் சேர்த்துவைக்கும் பணத்தில், எவ்வளவு இருக்கிறது? எத்தனை பேர் பராமரிப்புக்கான மாதத் தொகையைப் பாக்கி வைத்திருக்கிறார்கள்? ஒரே கசிவைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் பேசியிருக்கிறார்களா? மாதத் தொகை குறைவாக இருப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம். இன்று சேர்க்காத பணத்தை நாளை ஒரே தவணையில் கேட்பார்கள். காட்ட மறுத்தால் நான் அந்த வீட்டை விட்டுவிடுவேன்.

படி 4: புதுக் கட்டடம் என்றால் பில்டரின் பழைய கட்டடத்தைப் பாருங்கள்

மாதிரி வீடு அழகாகத்தான் இருக்கும். அதே பில்டர் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய இடத்துக்கு ஒரு மழை நாளில் போய், அங்கே குடியிருப்பவர்களிடம் பேசுங்கள். கசிவு உண்டா, சொன்ன தேதிக்குச் சாவி கொடுத்தாரா, குறை சொன்னால் ஆள் அனுப்பினாரா? இந்த ஒரு மணி நேரம் விளம்பரப் புத்தகம் சொல்லாததையெல்லாம் சொல்லிவிடும்.

சாவி வாங்கும் முன் குளியலறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது வடிகாலை நோக்கி ஓடுகிறதா என்று பாருங்கள். பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தால் பயப்பட வேண்டாம், காயும்போது வருவதுதான். தூணிலோ உத்தரத்திலோ விரிசல் இருந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். எந்தக் குறையை எத்தனை காலத்துக்குள் பில்டர் சரிசெய்து தருவார் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

படி 5: தேர்வு

என்னைக் கேட்டால், 10 முதல் 15 வயதான, சேமநிதி வலுவாக உள்ள கட்டடத்தையே தேர்ந்தெடுப்பேன். கட்டுமானக் குறைகள் பெரும்பாலும் அதற்குள் வெளியே வந்திருக்கும். அக்கம்பக்கத்தார் எப்படி, தண்ணீர் எப்படி வருகிறது என்பதையும் நேரிலேயே பார்த்துவிடலாம். உள்ளே உடைத்து வேலை செய்ய நேரமும் பொறுமையும் இல்லாதவர்களுக்குப் புதுசுதான் சரி, ஆனால் கட்டி முடித்ததாகப் பாருங்கள்.

எதுவானாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் செலவில் ஒரு கட்டுமானப் பொறியாளரை அழைத்துப் போங்கள். விற்பவரோ தரகரோ காட்டும் ஆள் வேண்டாம். அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். விலை பேச உட்காரும்போது அது கையில் இருக்கட்டும்.