டிரமிசுவுக்கு மஸ்கார்போனே கிடைக்கவில்லையா? நல்ல க்ரீம் இருந்தால் போதும்

டிரமிசு என்பது காபியில் நனைத்த பிஸ்கட்டுகளையும் மஸ்கார்போனே க்ரீமையும் அடுக்கிச் செய்யும் இத்தாலிய இனிப்பு. மஸ்கார்போனே இத்தாலியின் லொம்பார்டி பகுதியில் பிறந்த சீஸ். க்ரீமைச் சூடாக்கி, கொஞ்சம் புளிப்புச் சேர்த்து, நீரை வடித்தால் தயார். கொழுப்பு அதிகம், லேசான இனிப்பு. உப்பும் இல்லை, புளிப்பும் தெரியாது. மாற்று தேடும்போது இதைத்தான் மனதில் வைக்க வேண்டும். பலர் சொல்லும் கெட்டித்தயிர் டிரமிசுவுக்கு ஒத்துவராது. அந்தப் புளிப்பு, காபியின் மணத்தை அமுக்கிவிடும்.

வீட்டில் செய்வதே என் முதல் தேர்வு. பால் க்ரீம் 500 மி.லி., எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி போதும். க்ரீம் வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். கொழுப்பு 35 சதவீதமாவது இருக்க வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 25 சதவீத ஃப்ரெஷ் க்ரீம் சரியாக இறுகாது. கேக் அலங்கரிக்கும் விப்பிங் க்ரீம்களில் பல தாவரக் கொழுப்பில் செய்தவை. அவை வேண்டாம்.

1. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன்மேல் க்ரீம் கிண்ணத்தை வையுங்கள். கிளறிக்கொண்டே 85 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். வெப்பமானி இல்லையென்றால், ஓரத்தில் சிறு குமிழிகள் வரும் பதம். கொதிக்க விடாதீர்கள்.

2. எலுமிச்சைச் சாற்றை ஊற்றி, அதே சூட்டில் 5 நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். பனீர் மாதிரி திரிந்து கட்டி கட்டியாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். க்ரீம் சற்றுத் தடித்து, கரண்டியின் பின்புறத்தில் ஒட்டி நிற்கும். விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே இருக்கும். அதுதான் பதம்.

3. நன்றாக ஆறவிட்டு, மெல்லிய துணி விரித்த வடிகட்டியில் ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். காலையில் கரண்டியால் அள்ளும் அளவுக்கு இறுகியிருக்கும். மூன்று நாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

டிரமிசுவுக்குக் கலக்கும்போது மென்மையாகக் கலந்தால் போதும். வேகமாக அடித்தால் வெண்ணெய் பிரிந்து மணல் மணலாகிவிடும்.

அவசரமா? உப்புக் குறைவான க்ரீம் சீஸ் 200 கிராமை அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, கெட்டிக் க்ரீம் 60 மி.லி. சேர்த்துக் கட்டியில்லாமல் குழையுங்கள். கொஞ்சம் புளிப்பு மிஞ்சும், ஆனால் சமாளிக்கலாம். ரிக்கோட்டா (மென்மையான இத்தாலிய சீஸ்) பயன்படுத்தினால் மிக்ஸியில் மழமழவென்று அரைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் நெருடும்.

அப்புறம், பாஸ்தா சாஸுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அங்கே அந்த 25 சதவீத ஃப்ரெஷ் க்ரீமே போதும்; அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள்.