காவலரும் குடியிருப்போரும் கூடிப் பேசும் மாதக் கூட்டம்: நடத்தும் முறை

மேடை போட்டு உரையாற்றிக் கலையும் கூட்டத்தால் ஒரு தெருவிளக்குகூடக் கூடுதலாக எரியாது. மாதம் ஒருமுறை ஒரே பகுதியில், ஒரே காவலரோடு உட்கார்ந்து, ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்துப் பேச வேண்டும். அடுத்த மாதம் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பலன் தருவது இந்த வடிவம்தான். சிகாகோவில் 1993இல் ஐந்து காவல் மாவட்டங்களில் தொடங்கி, பிறகு நகரம் முழுக்கப் பரவிய, காவலரும் மக்களும் சேர்ந்து செயல்படும் திட்டத்துக்கும் ரோந்துப் பகுதிவாரியாக நடந்த இத்தகைய கூட்டங்களே முதுகெலும்பு.

முதலில் பகுதியைச் சுருக்குங்கள். ஒருவர் அரை மணி நேரத்தில் நடந்து சுற்றிவரக்கூடிய பரப்பு போதும். அதற்கென ஒரு பீட் காவலர், அதாவது அந்தப் பகுதியில் ரோந்து போகும் காவலர், குறைந்தது ஓராண்டாவது மாறாமல் இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வரலாம், ஆனால் பேச வேண்டியவர் பீட் காவலர். மேலதிகாரி முன்னால் உட்கார்ந்துவிட்டால், ஆளுக்கொரு சொந்த வழக்கு மனுவோடு எழுந்துவிடுவார்கள், கூட்டம் அதோடு முடிந்தது.

இடம் காவல் நிலையமாக இருக்கக் கூடாது. அங்கே போய்வந்தவர் யார் என்று தெருவே கவனிக்கும். கட்சி அலுவலகமும் வழிபாட்டுத் தலமும் வேண்டாம். பள்ளி வகுப்பறையோ நூலகமோ சரியாக இருக்கும். நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு, சீருடையில் வருபவர்களையும் மக்களுக்கு நடுவிலேயே உட்கார வையுங்கள். சங்கத் தலைவர்கள் கூப்பிடாமலே வருவார்கள். வாடகைக்குக் குடியிருப்போர், தெருவோர வியாபாரிகள், இரவுக் காவலாளிகள், பிழைப்புக்காக வந்து தங்கியிருப்போர், இளைஞர்கள் ஆகியோரைத்தான் நேரில் போய், ஒருமுறைக்கு இருமுறை அழைக்க வேண்டும். ஒரு மாதம் வேலைநாள் மாலையிலும் அடுத்த மாதம் விடுமுறைநாள் காலையிலும் வைத்தால், ஷிப்ட் வேலைக்காரர்களும் வீட்டுப் பொறுப்பில் இருக்கும் பெண்களும் இரண்டில் ஒன்றுக்காவது வர முடியும். 40 பேரைத் தாண்டினால் பகுதியை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

மொத்த நேரம் 90 நிமிடம். முதல் 15 நிமிடம் போன மாத முடிவுகளுக்கு. எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று காவலர் எழுந்து சொல்ல வேண்டும். "செய்ய முடியவில்லை, காரணம் இது" என்று நேர்மையாகச் சொல்லும் காவலரை மக்கள் நம்புவார்கள். "கவனிக்கிறோம்" என்று மூன்று மாதம் சொல்பவரின் கூட்டத்துக்கு நாலாவது மாதம் ஆள் வராது.

பிறகு பிரச்சினை. இங்கேதான் பெரும்பாலான கூட்டங்கள் சறுக்குகின்றன. "சைக்கிள் திருட்டு" என்று பலகையில் எழுதினால் பேச்சு எங்கெங்கோ போகும். "பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், மாலை 6 முதல் 8 மணிக்குள், மெல்லிய கம்பிப் பூட்டுப் போட்ட சைக்கிள்கள் காணாமல் போகின்றன" என்று எழுதுங்கள். இடம், நேரம், பொருள், முறை நான்கும் வரும்வரை விடாதீர்கள். இதற்காகக் காவலர் கடைசி மூன்று மாதச் சம்பவங்களைப் பகுதி வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்து எடுத்துவர வேண்டும். பெயரோ வீட்டு எண்ணோ அதில் இருக்கக் கூடாது.

அடுத்து மூன்று கேள்விகள். திருடுபவருக்கு அங்கே என்ன வசதி? பொருள் ஏன் எளிதாகக் கிடைக்கிறது? அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் யார்? சந்துக்குள் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும்: விளக்கு எரியவில்லை, சுவர் மறைக்கிறது, சக்கரத்தை மட்டும் பூட்டக்கூடிய சைக்கிள் நிறுத்தம். விளக்குக்கு மின்கம்ப எண்ணோடு மனு. நிறுத்தத்தைக் கடைக்காரரின் பார்வை படும் பக்கத்துக்கு மாற்றுவது. சட்டகத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும்படி வளைந்த இரும்புக் குழாய். இதில் கைது ஒன்றுகூட இல்லை என்று யாரும் குறைப்படத் தேவையில்லை. சம்பவங்களைத் தனித்தனியாகத் துரத்தாமல் அடியில் இருக்கும் பிரச்சினையைப் பிடியுங்கள் என்று காவல் பணியை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் 1979இலேயே எழுதினார். அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸ் நகரில் 1980களில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு புகுந்து திருடுவது ஓயவில்லை. குடியிருப்போரிடம் கேட்டபோது, சிதைந்துபோன கட்டடங்களே பெரிய குறையாகத் தெரிந்தது. குப்பையை அள்ளி, கைவிடப்பட்ட வண்டிகளை அகற்றி, பள்ளங்களை மூடிய பிறகு அந்தத் திருட்டு 35 சதவீதம் குறைந்தது.

முடிவுகளை மூன்றே நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையில் எழுதுங்கள்: யார், என்ன, எந்தத் தேதிக்குள். எல்லா வரியிலும் "காவல்துறை" என்றிருந்தால் அது மனுப் பட்டியல். குடியிருப்போர் பெயரும் விளக்குக்குப் பொறுப்பான அலுவலகத்தின் பெயரும் இருக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து அளந்து பாருங்கள். முந்தைய மூன்று மாதத்தோடு மட்டும் ஒப்பிட்டால் பருவ வேறுபாடு ஏமாற்றும். போன ஆண்டின் அதே மாதங்களையும் எடுங்கள். பக்கத்துத் தெருவில் அதே பிரச்சினை கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நம்பிக்கை வளர்ந்தால் புகார்கள் முதலில் கூடும். இதுவரை பேசாதவர்கள் பேசத் தொடங்கியிருக்கலாம். அதைத் தோல்வி என்று எழுதிக் கூட்டத்தை நிறுத்திவிடாதீர்கள்.

சில விஷயங்கள் இந்தக் கூட்டத்துக்கு வரவே கூடாது. குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை, ஒருவர் தரும் ரகசியத் தகவல் ஆகியவற்றுக்குத் தனி அறை, தனி எண், பெண் அதிகாரி என்று வேறு வழி வையுங்கள். யாரையும் சந்தேக நபராகப் பெயர் சொல்ல விடாதீர்கள். பகுதி வாட்ஸ்அப் குழுவில் "இவன்தான் திருடன்" என்று ஒரு படம் போனால், அரை மணி நேரத்தில் ஒரு நிரபராதியின் உயிர் ஆபத்தில் நிற்கும். குழுவில் பதிவிடும் உரிமை இரண்டு மூன்று பேரோடு நிற்கட்டும்.

தன்னார்வலர் ரோந்து போவதென்றால் இருவராகத்தான் போக வேண்டும். கையில் டார்ச், குறிப்பேடு, ஒளிரும் மேலங்கி மட்டும். தடி கூடாது. யாரையும் நிறுத்தவோ, சோதிக்கவோ, விசாரிக்கவோ கூடாது. பார்ப்பது, குறிப்பது, சொல்வது அவ்வளவுதான். காவலுக்குரிய அதிகாரத்தைப் பயிற்சியும் பொறுப்புக்கூறலும் இல்லாதவர் கையில் கொடுத்தால், முதல் அடி விழுவது பகுதியிலேயே பலவீனமானவர் மேல்.

காவலர் மீதே புகார் எழுந்தால் அங்கேயே வாதாடாதீர்கள். எழுதிக்கொண்டு, நிலையத்துக்கு வெளியே எங்கே புகார் தரலாம் என்ற விவரத்தை எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். இதைச் செய்யத் தயங்கும் நிலையம் மற்ற எதையும் தொடங்காமலிருப்பதே நல்லது.

பீட் காவலருக்கு இடமாற்றம் வந்தால், வரைபடத்தையும் குறிப்பேட்டையும் ஒப்படைப்பது மட்டும் போதாது. கடைசிக் கூட்டத்துக்குப் பழையவரும் புதியவரும் சேர்ந்து வரட்டும். கூட்டம் முடிந்ததும் இருவரும் அந்தப் பகுதியை ஒருமுறை நடந்து சுற்றி, எந்தக் கம்பத்து விளக்கு இன்னும் எரியவில்லை என்பதைப் பழையவர் கைகாட்டிச் சொல்லிவிட்டுப் போகட்டும்.