மாற்று பேட்டரி வரும்வரை

என் மின்சார காரின் பேட்டரி உத்தரவாதத்திலேயே பழுதானது. மாற்றித் தருகிறோம் என்றார்கள்; எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. நீங்களும் இப்படிக் காத்திருந்தால், முதலில் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். புகார் எண், பழுதுக் குறியீடு, பேட்டரியின் ஆரோக்கிய சதவீதம் (புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது எவ்வளவு மிச்சம்), பாகம் ஆர்டர் போட்ட தேதி. பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை பொறுப்பேற்கின்றன. பழுதில்லாமல் கொள்ளளவு மட்டும் குறைந்தால், அது 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பொறுப்பேற்போம் என்பதும் பரவலான நிபந்தனை. வண்டியை சர்வீஸில் விடும் அன்றே கிலோமீட்டர் தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். உத்தரவாதம் முடியும் தறுவாயில் இருந்தால் அந்த ஒரு படம்தான் சாட்சி.

அப்புறம், வருவது புதிய பேட்டரியா, புதுப்பித்ததா? அதற்கு உத்தரவாதம் புதிதாகத் தொடங்குமா, பழையதே தொடருமா? இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேட்டரி வரும்வரை ஓட்ட ஒரு மாற்று வண்டியும் கேளுங்கள். நான் மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் கிடைத்தது.

கார் வீட்டிலேயே நின்றால், ஓட்டலாமா, சார்ஜ் போடலாமா என்று சர்வீஸ்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மின்காப்புப் பழுது, அதாவது மின்சாரம் கசியக்கூடிய பழுது என்றால் இரண்டுமே வேண்டாம். சார்ஜ் போடலாம் என்றால் பாதியளவில் வையுங்கள். பலரும் மறப்பது 12 வோல்ட் சின்ன பேட்டரியை. அது இறங்கிவிட்டால் கதவுகூடத் திறக்காமல் போகலாம். எனக்கு அப்படித்தான் ஆனது; கதவுக்குள் மடங்கியிருக்கும் கைப்பிடி வெளியே வரவே இல்லை. சாவிக்குள் இருக்கும் உலோகச் சாவியை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்; புதிதாகத் தொடங்காமல், பழைய மடலுக்கே பதில் அனுப்பி ஒரே தொடராக.