துணையை இழந்த வீட்டில் தெருப்பூனையுடன் பழகுவது எப்படி?

மனைவி இறந்த பிறகு எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது மாலை மூன்றரை மணி. அவள் காபி கலக்கும் நேரம். உங்களுக்கும் அப்படியொரு நேரம் இருக்கும். பூனைக்குச் சோறு வைக்க அதையே தேர்ந்தெடுங்கள். ஒரே இடம், ஒரே தட்டு, ஒரே நேரம். சில நாட்களில் அது உங்களுக்கு முன்பே வந்து காத்திருக்கும், அதற்காகவாவது எழுந்துவிடுவீர்கள்.

தொடக்கத்தில் தட்டை வைத்துவிட்டு விலகிவிடுங்கள். கூப்பிடவோ கண்ணை உற்றுப் பார்க்கவோ வேண்டாம். உற்றுப் பார்ப்பதைப் பூனை மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு நாற்காலியைச் சிறிது சிறிதாக அருகே நகர்த்துங்கள். அது பார்க்கும்போது இமைகளை மெதுவாக மூடித் திறந்து காட்டுங்கள். ஒருநாள் அதுவும் அப்படியே செய்யும். வாலை நேராக உயர்த்தியபடி வந்தால் நட்போடு வருகிறது. அப்போதும் விரலை மட்டும் நீட்டுங்கள், முகர்ந்து பார்க்கட்டும். கன்னத்தையும் தாடையடியையும் தடவலாம், வயிற்றைத் தொடாதீர்கள்.

இந்தப் பொறுமை துக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகவே வரும். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் நம்மைப் பேசவைத்துவிடுவார்கள். பூனை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

என் மனைவி, பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவாள். அவளுக்குப் பிடிக்காததைத் திண்ணையில் ஏற்றுகிறோமே என்று மனம் உறுத்தியது. உங்களுக்கும் உறுத்தலாம். அதற்காகத் தட்டை எடுத்துவிடாதீர்கள்.

பால் வைப்பது நம் வழக்கம். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு உண்டாகும். தண்ணீர் வையுங்கள். நெத்திலியை உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்து, கொஞ்சம் சோற்றுடன் பிசைந்து கொடுங்கள். எலும்பு நீக்கிய கோழியும் கொடுக்கலாம். அடுப்படிப் பக்கமே போகாதிருந்த நான் மீன் ஆயக் கற்றுக்கொண்டது இந்தப் பூனைக்காகத்தான். மிஞ்சிய குழம்புச் சோறு மட்டும் வேண்டவே வேண்டாம்: வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நம் மாத்திரைகளையும் மூடி வையுங்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும்.

பழகிய பூனை காலைச் சுற்றி உரசும். நம் வயதில் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அதனால் தட்டை நடைபாதையிலிருந்து தள்ளி வையுங்கள், இரவில் சிறு விளக்கு எரியட்டும். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய் பூனை மூலமும் வரும். தடுப்பூசி அங்கே இலவசம்.

கையில் எடுக்கும் அளவுக்குப் பழகியதும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்துவிடுங்கள். பெண் பூனை சினையானால் ஏறக்குறைய 63 நாட்களில் குட்டி போடும். அத்தனை குட்டிகளையும் தனியாளாக நம்மால் பார்த்துக்கொள்ள முடியாது.

நன்றாகப் பராமரித்தால் பூனை 15 ஆண்டுகள்கூட இருக்கும். நாம் இருப்போமா என்பதை நினைத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இப்போதே கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன். நான் வெளியூர் போகும் நாட்களில் அவள்தான் தட்டு வைக்கிறாள். பூனையும் அவளிடம் பழகிவிட்டது. நீங்களும் அப்படி ஒருவரைப் பூனைக்கு முதலிலிருந்தே பழக்கி வையுங்கள்.