பவளத் தொட்டிக்கான கருவிகள்: ஒவ்வொன்றும் பழுதானால் என்ன ஆகும் என்று பார்த்து வாங்குவது எப்படி

பவளங்கள் வளரும் கடலில் வெப்பமும் உப்பும் காரத்தன்மையும் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. வீட்டுத் தொட்டியிலோ ஒரு பிற்பகலுக்குள் மூன்றும் மாறிவிடும். அந்த மாற்றத்தைப் பிடித்து நிறுத்தத்தான் இத்தனை கருவிகளும். அதனால் எதை வாங்கும்போதும், "இது நள்ளிரவில் பழுதானால் விடிவதற்குள் தொட்டி என்ன ஆகியிருக்கும்?" என்று ஒரு முறை யோசியுங்கள். இந்தக் கேள்விக்கு நல்ல பதில் உள்ள கருவிதான் நல்ல கருவி.

தொட்டியும் சம்பும்

முதல் தொட்டி 200 முதல் 300 லிட்டருக்குள் இருக்கட்டும். 40 லிட்டர் தொட்டி மலிவாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு லிட்டர் நீர் ஆவியானாலே உப்பளவு கண்கூடாக ஏறும். இந்தக் கட்டுரையின் கணக்குகளுக்கு 90×50×50 செ.மீ. தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 225 லிட்டர். கீழே சம்பும் (மேலிருந்து வழிந்து இறங்கும் நீரைப் பிடித்து, பம்ப் மூலம் திரும்ப மேலே அனுப்பும் துணைத் தொட்டி) சேர்த்து, பாறை அடைக்கும் இடத்தைக் கழித்தால் உண்மையான நீர் சுமார் 250 லிட்டர். கண்ணாடி, பாறை, தாங்கி, சம்ப் எல்லாம் சேர்ந்த எடை 400 கிலோவை நெருங்கும். தாங்கியை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்திவிட்டுத்தான் தொட்டியை ஏற்ற வேண்டும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அதன் பாரம் முழுவதும் ஒட்டுப் பகுதிகளில் இறங்கும்.

சம்ப் இல்லாமலும் தொட்டி நடத்தலாம். ஆனால் ஒரு முறை சம்ப் வைத்துப் பழகியவர்கள் அதை விடுவதில்லை. நீரின் மொத்த அளவு கூடுகிறது, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும் ஹீட்டரும் கண்ணில் படாமல் கீழே போய்விடுகின்றன, தொட்டியின் மேல்மட்டம் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கிறது. சம்ப் வாங்குவதற்கு முன் மின்தடைக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பம்ப் நின்றதும் மேல்தொட்டியிலிருந்து 3 செ.மீ. நீர் இறங்கும் என்றால் 90×50×3, அதாவது 13.5 லிட்டர். மேல்தொட்டி நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் நிற்பதைச் சேர்த்தால் 20 லிட்டர் வரும். 70×40×40 செ.மீ. சம்பில் 22 செ.மீ. உயரத்துக்கு நீர் ஓடினால் மேலே ஏறக்குறைய 50 லிட்டர் இடம் காலியாக இருக்கும், கவலையில்லை. இதே சம்பில் 34 செ.மீ. வரை நிரப்பி ஓட்டினால் மிஞ்சும் இடம் 17 லிட்டர்தான். முதல் மின்தடையிலேயே தரை நனையும்.

சம்ப் நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே இருந்தால் போதும். ஆழத்தில் வைத்தால் பம்ப் நின்றதும் அதே குழாய் வழியாக நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, வாய் வெளியே தெரியும் வரை சம்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கக் குழாயில் சிறு துளை போடுவார்கள். பாசி அந்தத் துளையை அடைத்துவிடும், மாதம் ஒரு முறை குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். ஒருவழி வால்வை நம்பி இருந்துவிடாதீர்கள். சுண்ணாம்புப் படிவும் நத்தைக் குஞ்சும் அதை முழுதாக மூடவிடாது.

வடிகால் குழாய் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது அடைபடும் நாளில் வெள்ளம் வீட்டுக்குள். குறைந்தது இரண்டு துளை உள்ள ஓவர்ஃப்ளோவாகப் பார்த்து வாங்குங்கள்: ஒன்று முழுக் குழாயும் நிரம்பி ஓடுவதற்கு, மற்றது அவசரத்துக்குக் காலியாகவே நிற்பதற்கு. இந்த அமைப்பு சத்தமும் போடாது.

நீர் தயாரிப்பு

விளக்கை வாங்கும் ஆசையில் பலர் தள்ளிப்போடுவது இதைத்தான், முதலில் வாங்க வேண்டியதும் இதுதான். குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் இருக்கும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், தாமிரம் எல்லாம் ஒவ்வொரு லிட்டரோடும் தொட்டிக்குள் சேர்ந்துகொண்டே போகும். நீர் மட்டும்தான் ஆவியாகும், அவை உள்ளேயே தங்கிவிடும்.

தேவைப்படுவது நீரைத் தூய்மையாக்கும் நான்கு நிலை ஆர்.ஓ./டி.ஐ. கருவி: 5 மைக்ரான் வண்டல் வடிகட்டி, கார்பன் பிளாக், கரைந்த உப்பைத் தடுக்கும் மெம்பிரேன், கடைசியில் மிச்சத்தையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின். குடிநீருக்கான ஆர்.ஓ.வில் ரெசின் இருக்காது, சுவைக்காகக் கனிமம் திரும்பச் சேர்க்கும் குப்பி வேறு இருக்கும். அந்த நீர் இதற்கு உதவாது. 75 கேலன் மெம்பிரேன் நல்ல அழுத்தமும் 25 டிகிரி வெப்பமும் உள்ள நீரில் நாளைக்கு 284 லிட்டர் தரும். வரும் நீரின் அழுத்தம் 40 பி.எஸ்.ஐ.க்குக் கீழே என்றால் பூஸ்டர் பம்ப் அவசியம். இல்லாவிட்டால் உற்பத்தி குறையும், மெம்பிரேன் வழியாக அதிக உப்பு தப்பிவரும், ரெசினும் சீக்கிரம் தீரும்.

நீரில் கரைந்துள்ள பொருட்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை ரெசினுக்கு முன்னும் பின்னும் வையுங்கள். பின்னால் உள்ள எண் 0 ஆகவே இருக்க வேண்டும். 1 காட்டத் தொடங்கியதுமே ரெசினை மாற்றுங்கள், ஏனெனில் தீர்ந்த ரெசின் பிடித்து வைத்திருந்ததைத் திரும்ப நீரில் விடும். கருவியை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் முதல் சில நிமிடங்கள் மெம்பிரேனிலிருந்து வரும் நீரில் டி.டி.எஸ். அதிகமாக இருக்கும். அதை ரெசினுக்குள் விடாமல் தனி வால்வு வழியாக வெளியே விட்டால் ரெசின் வெகுகாலம் உழைக்கும்.

உப்பு கலப்பதற்கு லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வேண்டும். 250 லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோ. இலக்கு ஆயிரத்தில் 35 பங்கு. அளக்க, ஒளி விலகலை வைத்து உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். முள் ஆடும் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழ் முள்ளில் ஒட்டினாலே உப்பு அதிகம் என்று காட்டும். ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் தூய நீரில் சரிசெய்தால் போதாது. விலை குறைந்தவற்றில் பல சமையலுப்புக் கரைசலுக்குக் கோடிட்டவை, கடல்நீருக்கு அல்ல. ஆயிரத்தில் 35 பங்கு என்று அளவிட்ட கரைசல் ஒரு குப்பி வாங்கி அதில்தான் சரிசெய்ய வேண்டும்.

வெப்பம்

25 முதல் 26 டிகிரி செல்சியஸ் நல்ல இலக்கு. ஹீட்டர்தான் பவளத் தொட்டியில் மிக ஆபத்தான கருவி, ஏனென்றால் அது பெரும்பாலும் "ஆன்" நிலையிலேயே ஒட்டிக்கொண்டு பழுதாகும். 300 வாட் ஹீட்டர் ஒன்று அப்படி ஒட்டிக்கொண்டால் 250 லிட்டர் நீரைச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி ஏற்றும். எட்டு மணி நேரத் தூக்கத்தில் தொட்டி 32 டிகிரியைத் தாண்டலாம். பவளம் வெளுக்க அது தாராளம். அதே வேலையை இரண்டு 150 வாட் ஹீட்டருக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் ஏற்றம் பாதி வேகத்தில்தான் இருக்கும், ஒன்று அணைந்தே போனாலும் மற்றது தாங்கும். இரண்டையும் வெளிக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றில் இணைத்து அதை 26க்கும், ஹீட்டர்களின் சொந்தத் திருகை 27க்கும் வையுங்கள். இப்போது தொட்டி கொதிக்க வேண்டுமானால் இரண்டு தெர்மோஸ்டாட் ஒரே சமயத்தில் கெட வேண்டும்.

அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் இடங்களில் குளிர்விப்பதுதான் பெரிய வேலை. நீர்ப்பரப்பின் மீது வீசும் சிறு விசிறி 2, 3 டிகிரி இறக்கும். ஆனால் காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் ஆவியாதல் குறைந்து, விசிறி சுற்றுவது வீணாகும். அத்தகைய இடத்தில் நீரைக் குளிரவைக்கும் சில்லர்தான் வழி. சில்லரைத் தொட்டியின் கீழ்ப் பெட்டிக்குள் அடைத்துவிடாதீர்கள். அது வெளியேற்றும் வெப்பம் பெட்டிக்குள் சுழன்று மறுபடி சம்ப் நீரிலேயே சேரும்.

ஆவியாகும் நீரை ஈடுகட்டுவது

இந்த அளவு தொட்டியில் நாளைக்கு 2 முதல் 5 லிட்டர் ஆவியாகும். ஈடாக ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ./டி.ஐ. நீர். தானாக நிரப்பும் கருவியின் உணரியை, சம்பில் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் தடுப்பறையில் பொருத்த வேண்டும், ஆவியாதலால் மட்டம் இறங்குவது அங்கேதான் தெரியும். ஒளி உணரி ஒன்றும், அது ஏமாந்தால் தடுக்க மிதவை ஒன்றும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். மிதவையின் கீழ் நத்தை உட்காருவது எல்லாத் தொட்டியிலும் என்றாவது நடக்கும்.

நன்னீர் டப்பாவைப் பெரிதாக வைக்க ஆசை வரும். 15 லிட்டர் டப்பா முழுவதும் தவறுதலாகக் கொட்டினால் உப்பு 35லிருந்து 33க்கு இறங்கும், உயிர்கள் பிழைத்துக்கொள்ளும். 50 லிட்டர் டப்பா கொட்டினால் 29. இன்னொன்று: டப்பாவின் நீர்மட்டம் குழாய் முனையைவிட உயரத்தில் இருந்தால், பம்ப் நின்ற பிறகும் நீர் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். முனையை சம்ப் நீருக்கு மேலே, டப்பாவின் மட்டத்துக்கும் மேலே கட்டுங்கள்.

நீரோட்டம்

ரிட்டர்ன் பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் உயரமே ஏற்றாமல் அளந்தது. 1.3 மீட்டர் ஏற்றி, இரண்டு வளைவு திரும்பிய பிறகு பாதிதான் வந்தாலும் வியப்பில்லை. சம்ப் வழியாக மணிக்கு மொத்த நீரின் ஐந்து மடங்கு சுழன்றால் போதும் என்பதால் 2500 லிட்டர் என்று எழுதிய டி.சி. பம்பை வாங்கிக் குறைத்து ஓட்டலாம்.

பவளத்துக்கு உணவும் ஆக்சிஜனும் கொண்டுவந்து, அதன் சளியை அடித்துச் செல்வது வேவ்மேக்கர்கள், அதாவது தொட்டிக்குள்ளேயே நீரோட்டம் உண்டாக்கும் பம்புகள். மென்பவளங்களுக்கு மணிக்கு 15, 20 மடங்கு ஓட்டம் போதும். கிளைவிடும் சிறு பாலிப் (பவளத்தின் தனி உயிர் உடல்) பவளங்களுக்கு 40 மடங்கோ அதற்கு மேலோ. கலந்து வளர்க்க 30 மடங்கு, அதாவது மணிக்கு 6750 லிட்டர் என்று கொள்ளுங்கள். 7000 லிட்டர் பம்ப் ஒன்றை வாங்குவதைவிட 3500 லிட்டர் பம்ப் இரண்டை எதிரெதிர்க் கண்ணாடிகளில் வைத்து மாறி மாறி ஓட்டுவது மேல். ஒரே திசையில் ஓயாமல் அடித்தால் அந்தப் பக்கத்துச் சதை எலும்பிலிருந்து உரிந்துபோகும், மறுபக்கம் அழுக்கு தங்கும்.

ஸ்கிம்மர்

நுண்குமிழ்களின் மேற்பரப்பில் புரதக் கழிவு ஒட்டிக்கொண்டு நுரையாய் மேலேறுவதுதான் இதன் வேலை. உங்கள் நீர் அளவைப் போல ஒன்றரை மடங்குக்கு அளவிட்டதை எடுங்கள்: 250 லிட்டருக்கு 400 லிட்டர் ஸ்கிம்மர். மூன்று மடங்கு பெரியது வாங்கினால், மீன்கள் குறைவாக இருக்கும் காலத்தில் நுரை கழுத்து வரை ஏறவே ஏறாது. ஒவ்வொரு ஸ்கிம்மரும் குறிப்பிட்ட நீர் உயரத்தில் நிற்க வேண்டியது, பெரும்பாலும் 18 முதல் 22 செ.மீ. சம்பில் மட்டம் மாறாத அறையில் வையுங்கள், அல்லது அடியில் பலகை கொடுத்து உயர்த்துங்கள். புதியது ஒரு வாரம், பத்து நாள் தாறுமாறாக நுரைக்கும் அல்லது நுரைக்கவே நுரைக்காது. அந்த நாட்களில் திருகிக்கொண்டே இருக்காமல் விட்டுவிடுங்கள். மூடிய அறையில் பி.எச். தாழ்ந்தே இருந்தால் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பாருங்கள். அறையில் தேங்கும் கார்பன் டை ஆக்சைடுதான் அநேகமாகக் காரணம்.

விளக்கு

எதை வளர்க்கப் போகிறீர்கள் என்று முடிவெடுக்காமல் விளக்கு வாங்க முடியாது. பவளம் இருக்கும் இடத்தில் வந்து சேரும் ஒளியைப் பி.ஏ.ஆர். (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி) அளவில் பார்க்க வேண்டும்: மென்பவளத்துக்கு 50 முதல் 100, பெரிய பாலிப் பவளங்களுக்கு 80 முதல் 150, சிறு பாலிப் பவளங்களுக்கு 200 முதல் 350. வாட் எண்ணிக்கை இதைச் சொல்லாது. பவளத் திசுவுக்குள் வாழும் பாசி நீல ஒளியை நன்றாகப் பயன்படுத்தும் என்பதால் 400 முதல் 480 நானோமீட்டர் வரையிலான நீலம் நிறைந்த எல்.இ.டி. வேண்டும். தோட்டச் செடிக்கான சிவப்பு மிகுந்த விளக்கு வேண்டாம்.

ஒரே புள்ளியிலிருந்து அடிக்கும் எல்.இ.டி., பவளக் கிளைகளின் அடியில் கடும் நிழல் போடும். 90 செ.மீ. நீளத்துக்கு இரண்டு விளக்குகள், நீருக்கு 20 முதல் 25 செ.மீ. மேலே என்று வைத்தால் ஒளி பரவலாக விழும். பாதி ஒளியில் தொடங்கி நான்கு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முதல் நாளே முழு ஒளியில் பவளம் வெளுத்துப்போவது சாதாரணமாக நடக்கும் தவறு. குறைந்த ஒளியில் அது பழுப்பேறும், ஆனால் உயிரோடிருக்கும்.

சோதனையும் டோசிங்கும்

காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 420 பி.பி.எம்., மெக்னீசியம் 1300க்கு மேல், நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. இவற்றில் காரத்தன்மைக்கு நல்ல டிஜிட்டல் அளவி வாங்குங்கள். வேகமாக மாறுவது அதுதான். கால்சியம், காரக் கரைசல்களைச் சிறு சிறு அளவாகத் தானாக ஊற்றும் டோசிங் பம்ப் முதல் நாளே தேவையில்லை. பவளங்கள் குறைவாக இருக்கும்வரை வாரம் 10 சதவீத நீர்மாற்றமே கால்சியத்தையும் காரத்தையும் ஈடுசெய்யும். அதற்குப் பிறகும் காரத்தன்மை நாளுக்கு 0.3 டி.கே.எச். போல இறங்கினால் வாங்குங்கள். கால்சியக் குப்பியின் குழாயும் காரக் குப்பியின் குழாயும் சம்பில் ஒரே இடத்தில் விழக்கூடாது, ஒரே நேரத்திலும் கூடாது. இரண்டும் செறிவாகச் சந்தித்தால் சுண்ணாம்பாய் வெளுத்துப் படிந்துவிடும்.

யு.வி. கருவி, கால்சியம் ரியாக்டர் போன்றவை முதல் ஆண்டில் வேண்டாம். அந்தப் பணத்தில் பேட்டரி இணைப்பு உள்ள வேவ்மேக்கர் வாங்குவது எவ்வளவோ பயன். மின்சாரம் போனால் தொட்டியை முதலில் கொல்வது ஆக்சிஜன் குறைவு. நீர் அசையாமல் நின்றால் மீன் நிறைந்த தொட்டியில் சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறல் தொடங்கும். 12 அல்லது 24 வோல்ட் பம்ப் ஒன்று பேட்டரியில் மெதுவாக மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டிருந்தால் இரவு தாண்டிவிடும்.

மின்சாரமும் உலோகமும்

எல்லாக் கருவிகளும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகவே ஓட வேண்டும். அது இல்லாமல் தொட்டிக்குள் கையை விடாதீர்கள். முடிந்தால் இரண்டு தனித்தனி ஆர்.சி.சி.பி. போட்டு ஹீட்டர்களை ஒன்றிலும் வேவ்மேக்கரை மற்றதிலும் இணையுங்கள், ஒரு ஹீட்டர் விரிசல் விட்டு இணைப்பைத் துண்டித்தாலும் நீர் ஓட்டம் நிற்காது. பிளக் பலகை சம்புக்கு மேலே இருக்கக்கூடாது. பக்கவாட்டில், நீர் தெறிக்காத உயரத்தில் பொருத்துங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்கை அடைவதற்கு முன் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும், வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

நீர் தொடும் இடத்தில் செம்பும் பித்தளையும் கூடவே கூடாது. மீனுக்குத் தாங்கும் அளவு தாமிரமே இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். குழாய்ப் பட்டிகள் பிளாஸ்டிக்காகவும், உலோக ஹீட்டர் என்றால் டைட்டானியமாகவும் இருக்கட்டும்.

எல்லாம் பொருத்திய பின் உப்பில்லாத நீரை நிரப்பி 24 மணி நேரம் ஓட்டுங்கள். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒரு காகிதத் துண்டை வையுங்கள், மெல்லிய கசிவும் அதில் தெரிந்துவிடும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து சம்ப் எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். முழு நீரும் இறங்கி நின்ற அந்த மட்டத்திலிருந்து விளிம்புக்கு 3 செ.மீ. இடமாவது மிஞ்ச வேண்டும். மீண்டும் சுவிட்சைப் போட்டு, ரிட்டர்ன் பம்ப் தானாக ஓடத் தொடங்குகிறதா, வடிகால் சத்தமின்றிப் பழைய நிலைக்கு வருகிறதா என்று கவனியுங்கள். இதை மூன்று முறை செய்து, ஓடும்போது சம்பில் நிற்கும் மட்டத்தை வெளிக் கண்ணாடியில் கோடு போட்டுக் குறித்துவைத்த பிறகு உப்பு மூட்டையைத் திறக்கலாம்.